வடக்கை மறந்த ஊசி

அழகுமலை வாத்தியார் எல்லாப் பாடமும் நடத்துவார், காந்தப் பாடத்தைத் தவிர. புத்தகத்தில் அந்தப் பக்கம் வந்துவிட்டால் போதும், அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். பக்கத்து வகுப்பு வாத்தியாரைக் கூப்பிட்டு, இந்த ஒரு பாடத்தை மட்டும் நீங்கள் நடத்திவிடுங்கள், உங்கள் பிள்ளைகளுக்கு நான் கணக்குச் சொல்லித் தருகிறேன் என்று வகுப்பை மாற்றிக்கொள்வார். திருமங்கலம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் 1940-களின் கடைசி வரைக்கும் இதே கதைதான். அவருக்குக் காந்தம் என்றால் பயம் என்றார்கள் சிலர். அந்தப் பாடமே அவருக்குத் தெரியாது என்றார்கள் வேறு சிலர். இரண்டும் பொய். காந்தத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவுக்கு அந்தத் தாலுகாவில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொண்ட விதம்தான் வெளியில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

அவர் வாத்தியார் ஆவதற்கு முன்பு, 1936-ஆம் வருஷம் வாக்கில், பசுமலையில் ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் மாணவனாக இருந்தார். தனக்கன்குளம் பக்கம், கூலிக்கு உழைக்கிற குடும்பம். வம்சத்திலேயே முதன்முதலாகப் பேனா பிடித்தவன் என்பதால் அப்போது அழகுமலைக்குத் தலைகால் புரியவில்லை. லீவில் ஊருக்குப் போனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். அம்மா ராமக்காள் உலை வைத்தால், பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் எதனால் கொதிக்கிறது என்று விளக்குவான். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அது கொதித்தால் போதும், நீ கொதிக்காதே என்பாள்.

இந்த வாய்தான் அவனை மாமன் பேயாண்டியிடம் கொண்டுபோய் மாட்டிவிட்டது. பேயாண்டி ராமக்காளுக்கு அண்ணன். ஒரு ஜோடி மாடும் ஏரும் சொந்தமாக வைத்துக்கொண்டு பங்கு வாரத்துக்கு நிலம் உழுகிறவர். அதைவிடப் பெரிய சொத்து, அவரிடம் இருந்த கீரி நிறச் சண்டைச் சேவல். சுற்றுவட்டாரத்தில் அது இறங்கிய சண்டையில் எதிர்ச் சேவல் தானாக நடந்து வீட்டுக்குத் திரும்பியதில்லை. அந்தச் சேவலைவிடவும் பெரிய சொத்து ஒன்று அழகுமலையின் கணக்கில் இருந்தது. அது பேயாண்டியின் மகள் மலையம்மாள்.

முறைப்பெண்தான். இவனுக்கு அவள், அவளுக்கு இவன் என்று சின்ன வயதிலேயே ஊர் பேசி முடித்துவிட்ட விஷயம். ஆனால் இவன் படிக்கப் போன பிறகு மாமனுக்கு அதில் சுரத்துக் குறைந்துபோனது. படித்தவன் மாடு பிடிப்பானா, மழை பெய்தால் வரப்பு வெட்டப் போவானா என்று யோசிக்க ஆரம்பித்தார். போதாக்குறைக்கு உசிலம்பட்டியிலிருந்து வில்வண்டி வைத்திருக்கும் ஒருவன் பெண் கேட்டு ஆள் விட்டுக்கொண்டிருந்தான். அதுவரை ‘மாப்ள’ என்று கூப்பிட்ட வாய், ‘வாத்தியாரே’ என்று கூப்பிடத் தொடங்கியது. வாத்தியார் ஆவதற்காகத்தான் அழகுமலை ராப்பகலாகப் படித்தான். ஆனால் மாமன் வாயிலிருந்து அந்தச் சொல் வரும்போதெல்லாம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

புரட்டாசி லீவில் மாமன் வீட்டுக்குப் போனான். மூலையில் கூடைக்குள் ஒரு கோழி அடை கிடந்தது. முட்டைகளுக்கு நடுவே ஒரு துருப்பிடித்த ஆணியும் கரித்துண்டும் கிடந்தன. இடி இடித்தால் முட்டைக்குள் இருக்கும் குஞ்சு செத்துவிடும், இரும்பு கிடந்தால் இடி அண்டாது என்பது ஊர் வழக்கம். எல்லா வீட்டிலும் வைப்பதுதான், ராமக்காளும் வைப்பாள். படித்தவன் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியுமா? இடி ஆகாயத்தில், முட்டை கூடையில், நடுவில் ஆணிக்கு என்ன வேலை என்று சிரித்தான். அதோடு விட்டிருக்கலாம். கோழியே தேவையில்லை, சூடு மட்டும் சரியாக இருந்தால் மரப்பெட்டிகூடக் குஞ்சு பொரிக்கும் என்று சொல்லிவைத்தான்.

பேயாண்டி வெற்றிலையை மென்றுகொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“சரி வாத்தியாரே. எங் கீரிச் சேவல் சாதி முட்டை பதிமூணு தாரேன். கோழி இல்லாமப் பொரிச்சுக் காட்டு, பொண்ணைத் தாரேன். கூமுட்டையாப் போச்சுன்னா உசிலம்பட்டிக்காரனுக்கு வெத்தலை பாக்கு மாத்திருவேன்.”

அழகுமலை யோசிக்காமல் சரி என்றான். வீட்டுக்குள்ளே மலையம்மாள் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் வாசல் வரை கேட்டது.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினால், அங்கே வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. மாணவர்கள் குழு குழுவாக விஞ்ஞானக் கண்காட்சி நடத்த வேண்டும், அதில் கூட்டுறவு மனப்பான்மை தெரிய வேண்டும், இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்வையிடுவார் என்று மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. விஞ்ஞான ஆசிரியர் சின்னச்சாமி சாருக்கு மேலிடம் தும்மினால் இங்கே ஜலதோஷம் பிடிக்கும். பள்ளியில் அப்போது இரண்டு குழுக்கள் தயாராக இருந்தன. ஒன்று அழகுமலையின் முட்டைக் குழு. இன்னொன்று ஜலாலின் ஊசிக் குழு. ஒன்றுக்கொன்று ஒட்டுமில்லை உறவுமில்லை. சார் இரண்டையும் ஒரே கல்மேசையில் கொண்டுபோய் வைத்து, இதுதான் கூட்டுறவு என்று அறிவித்தார். முட்டைக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட ஒருவனை வெளியே நிற்க வைத்தார்.

ஜலால் கோரிப்பாளையத்துக்காரன். அவனுடைய அத்தா பாதுஷா கடிகாரம் பழுது பார்ப்பவர். பழைய கடிகாரச் சுருள்வில்லில் ஒரு துண்டை வெட்டி, நீட்டி, காந்தம் ஏற்றி ஊசியாக்கி, பட்டுநூலில் கட்டி, காற்றுப் படாமல் விளக்குச் சிம்னிக்குள் தொங்கவிட்டிருந்தான் ஜலால். ஊசி வடக்கைப் பார்த்து நிற்கும். பூமியின் காந்தம் நாளுக்கு நாள் அசைகிறதா என்று அதை வைத்துக் கண்டுபிடிப்பது அவன் திட்டம். ஊசி நிற்கும் திசையில் மேசைமேல் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டிருந்தான். அந்தக் கோட்டை எவனாவது மிதித்தாலும் சரி, முறைத்தாலும் சரி, அவனுக்குக் கோபம் வந்துவிடும்.

ஒரே மேசை என்றதும் ஜலால் முதல் நிபந்தனை போட்டான். ஊசிக்குப் பக்கத்தில் இரும்பு என்ற பேச்சே கூடாது. சார் வைத்திருந்த சாவிக்கொத்தை வாங்கி வெளியே வைத்தான். முட்டைக் குழுவினரின் இரும்புக் கொக்கி வைத்த இடுப்பு வார்களை அவிழ்க்கச் சொன்னதில், அவர்கள் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே விஞ்ஞானம் பார்க்க வேண்டியதாயிற்று. காவல்காரர் ஆண்டிச்சாமி பெரிய சாவி வளையத்தோடு வாசலைத் தாண்டியபோது ஊசி லேசாக ஆடியது என்று சொல்லி, அவரை அந்தப் பக்கமே வர விடாமல் தடுத்துவிட்டான். குஞ்சுப் பெட்டியைக்கூட ஆணி இல்லாமல் மூங்கில் முளை அடித்துத்தான் செய்ய வேண்டும் என்றான். அதன்படியே பெட்டி ஆனது. அடியில் வெந்நீர்ப் பானை, மேலே உமி மெத்தை.

அழகுமலை மட்டும் சளைத்தவனா? முட்டை ஓட்டின் வழியாக மூச்சு விடும், ஆகவே அத்தர் வாசம் ஆகாது என்று பதில் நிபந்தனை போட்டான். ஜலால் அத்தர் பூசாமல் பள்ளிக்கூடம் வந்தது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. இரண்டு குழுவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு, மேசையின் நடுவில் கோடு கிழித்து, கூட்டுறவாக வேலை செய்யத் தொடங்கின.

ஒரு நல்ல நாள் பார்த்து முட்டைகள் வந்து சேர்ந்தன. பேயாண்டி வண்டியை வெளியே நிறுத்தி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்க, உமி நிறைந்த கூடையை மலையம்மாள் உள்ளே சுமந்துவந்தாள். பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள். இரும்பு வைக்கவில்லையா மச்சான் என்று மெதுவாகக் கேட்டாள். அழகுமலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அதெல்லாம் மூடநம்பிக்கை என்றான். அவள் கூடையை இறக்கி வைத்தாள். அடை வைப்பதென்றால் ராசியான கை வைக்க வேண்டும், ஆம்பளைகள் பார்க்கக் கூடாது, எல்லாரும் வெளியே போங்கள் என்றாள். விஞ்ஞானக் கூடத்திலிருந்து விஞ்ஞானிகள் அத்தனை பேரும் சின்னச்சாமி சார் உட்பட வெளியேறி, ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். அவள் கூடையை உள்ளேயே கவிழ்த்து, முட்டைகளை அடுக்கி, உமியால் மூடிவிட்டு வெளியே வந்தாள். போகும்போது அழகுமலையை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் அவனுக்கு அப்போது விளங்கவில்லை. கொஞ்சம் விவரம் உள்ளவனாக இருந்தால் விளங்கியிருக்கும்.

உள்ளே முதலில் போனவன் ஜலால். மேசையைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டான். ஊசி சுண்ணாம்புக் கோட்டை விட்டு விலகி, முட்டைப் பெட்டியைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

முதலில், வந்தவர்களின் நடமாட்டத்தில் நூல் முறுக்கியிருக்கும் என்று பார்த்தார்கள். முறுக்கு இல்லை. இடுப்பு வார்களை மறுபடி சோதித்தார்கள். யாரும் கட்டியிருக்கவில்லை. பெட்டியை விலக்கி வைத்தால் ஊசி வடக்குக்குப் போனது, கிட்டே கொண்டுவந்தால் திரும்பி வந்தது. சின்னச்சாமி சார் கண்ணை மூடி யோசித்தார். அப்புறம், பெட்டிதான் காரணமா என்று பார்க்க இன்னொரு பெட்டி செய்யச் சொன்னார். அதே மரம், அதே மூங்கில் முளை, அதே வெந்நீர், புது உமி. ஊசி அந்தப் பெட்டியைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆகவே இழுப்பது பெட்டி அல்ல, முட்டை. விஞ்ஞானத்தில் குறை சொல்ல இடமே இல்லை. எல்லாம் முறைப்படி நடந்தது. அடை கிடக்கும் முட்டைக்கு அடியில் கை விட்டுத் துழாவ வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அடையைக் கலைத்தால் அழகுமலை கழுத்தை நெரித்திருப்பான் என்பதும் ஒரு காரணம்.

சார் அதற்கு ‘உயிர்க்காந்தம்’ என்று பெயர் வைத்தார். உயிர் உருவாகும் இடத்தில் காந்தம் பிறக்கிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. கடையில் வாங்கிய முட்டை ஒன்றை அவித்து ஊசி அருகே காட்டினார்கள். ஊசி அசையவில்லை. பார்த்தீர்களா, உயிர் போனால் காந்தமும் போகிறது என்றார். பெட்டியிலிருந்து ஒரே ஒரு முட்டையை எடுத்துக் காட்டினார்கள். அதற்கும் அசையவில்லை. சார் சளைக்கவில்லை. ஒரு முட்டைக்குப் பலம் போதாது, பதின்மூன்றும் சேர்ந்தால்தான் இழுக்கும், கூட்டுறவு என்பது இதுதான் என்றார். கடைசியில் ஆண்டிச்சாமியின் சாவி வளையத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு அவரையே மேசைக்கு அடியில் படுக்க வைத்தார்கள். முழு மனிதன் படுத்தும் ஊசி திரும்பவில்லை. பிறந்த பிறகு காந்தம் கழன்றுவிடுகிறது என்று முடிவாயிற்று. ஆண்டிச்சாமி எழுந்து துண்டை உதறிக்கொண்டு, காந்தம் கழன்றது கிடக்கட்டும், படுத்ததற்கு ஒரு வாய் காப்பிகூடக் கிடையாதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மேசை நடுவில் கிழித்த கோட்டை யார் அழித்தார்கள் என்று தெரியவில்லை. முட்டைக் குழு ஊசியைப் பார்த்துக்கொண்டது, ஊசிக் குழு வெந்நீர் மாற்றியது. அழகுமலையும் ஜலாலும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். ஜலாலின் அத்தா பாதுஷா, கடைக்குக் கடிகாரம் கொண்டுவருகிறவர்களிடமெல்லாம் மகன் உலகத்திலேயே புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான் என்று சொல்ல ஆரம்பித்தார். கோரிப்பாளையத்தில் பல கடிகாரங்கள் அந்த மாதம் பழுது நீங்காமலே கிடந்தன. தலைமையாசிரியர் இன்ஸ்பெக்டருக்கு ஆள் அனுப்பி, இது சாதாரணக் கண்காட்சி இல்லை என்று சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் ஊரிலிருந்து வேறு ஒரு சேதி வந்தது. ஐப்பசி மழை விழுந்ததும் பேயாண்டி ஏர் பூட்டப் போனபோது, முனை தட்ட வைத்திருந்த இரும்புக் கொழுவைக் காணோமாம். கொழு இல்லாமல் ஏர் வெறும் கட்டைதானே. பக்கத்து வீட்டுச் சோணைதான் எடுத்திருப்பான் என்று அவர் சண்டைக்குப் போய், விஷயம் பஞ்சாயத்து வரைக்கும் வந்துவிட்டதாம். மாமனுக்குக் கொழு போனால் நமக்கென்ன, முட்டை பத்திரம் என்று அழகுமலை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கண்காட்சிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம் நாகமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மற்றவர்கள் துணி எடுக்க ஓடினார்கள். அழகுமலை மட்டும் முட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். குளிர்காற்று அடிக்கிறதே, அடி உமியில் சூடு நிற்கிறதா என்று பார்க்க அன்றுதான் கையை ஆழமாக விட்டான். விரலில் கனமாக ஏதோ தட்டியது.

எடுத்துப் பார்த்தான். ஒரு பக்கம் விளிம்பு சிதைந்த கொழு. அதைப் பார்த்ததுமே யாருடையது என்று தெரிந்துவிட்டது. படிக்கப் போவதற்கு முன் மாமன் நிலத்தில் அவனே அந்தக் கொழு பூட்டி உழுதிருக்கிறான். சிதைந்ததும் அவன் கையால்தான், பாறையில் ஏற்றி. கையில் கொழுவோடு மேசையை விட்டுத் தூரமாக விலகிப்போய்த் திரும்பிப் பார்த்தான். சிம்னிக்குள் ஊசி மெதுவாகச் சுழன்று, பழைய சுண்ணாம்புக் கோட்டில் போய் வடக்கைப் பார்த்து நின்றது. உயிர்க்காந்தம் என்ற மகத்தான கண்டுபிடிப்பு அத்தோடு முடிந்துபோனது.

அவனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்து ஜலால் நினைவுக்கு வந்தான். இப்போதே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாசல் வரைக்கும் போனான். அப்போது இடித்தது. சாதாரண இடி இல்லை. ஜன்னல் கண்ணாடி அதிர, மேசையில் வெந்நீர் தளும்ப, மலையே உருண்டு வருகிற மாதிரி இடித்தது.

அழகுமலைக்குப் புத்தகம் மறந்துவிட்டது. ஆகாயத்தில் மின்சாரம், அதனால் சத்தம், சத்தத்துக்கும் முட்டைக்கும் சம்பந்தமில்லை என்று அவனே எழுதிய பரீட்சைத் தாள் மறந்துவிட்டது. வில்வண்டியில் மலையம்மாள் உசிலம்பட்டிக்குப் போவது மட்டும் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அவளை இழந்துவிட்டு அவன் எந்த விஞ்ஞானத்தை வைத்து என்ன செய்வான்? ஓடிவந்து கொழுவை எடுத்த இடத்திலேயே வைத்து உமியால் மூடினான். இரண்டு கையாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு, இடி ஓயும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். ஊசி மறுபடி அவனைப் பார்த்துத் திரும்பி நின்றது.

அதன்பிறகு அவன் ஜலாலின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

கண்காட்சி நாளில் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. இன்ஸ்பெக்டர் கோட்டு, தலைப்பாகையோடு முன்னால் நின்றார். பாதுஷா அத்தா புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். பேயாண்டி, ராமக்காள், மலையம்மாள் மூவரும் சுவரோரம் நின்றார்கள். சின்னச்சாமி சார் தொண்டையைச் செருமிக்கொண்டு உயிர்க்காந்தத்தை விளக்க ஆரம்பித்தார். ஊசி அவர் சொன்னபடியே பெட்டியைப் பார்த்து நின்றது. இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டு பார்த்தார்.

சார் பாதி பேசிக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குள் கீச்சென்று ஒரு சத்தம். ஓட்டைக் கொத்திக்கொண்டு ஒரு குஞ்சு தலையை நீட்டியது. கூட்டம் ஆவென்றது. ராமக்காள் கையெடுத்துக் கும்பிட்டாள். ஒன்று, இரண்டு என்று வரிசையாக ஒன்பது குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. அழகுமலைக்குக் கண் நிறைந்துவிட்டது. மாமனைப் பார்த்தான். மாமன் அவனைப் பார்க்கவில்லை, குஞ்சுகளில் எது கீரி என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இதோடு முடித்திருந்தால் இன்றைக்கும் அந்தப் பள்ளியில் உயிர்க்காந்தம் பாடமாக இருந்திருக்கும். சார் விடவில்லை. குஞ்சு பிறந்த பிறகு காந்தம் கழன்றுவிடும், ஊசி இப்போது வடக்குக்குத் திரும்புவதை எல்லாரும் காணலாம் என்றார். எல்லாரும் கண்டார்கள். ஊசி திரும்பவில்லை. குஞ்சுகளை அள்ளி வெளியே வைக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். வைத்தார்கள். பொரியாத நான்கு முட்டைகளையும் எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். வெறும் உமியும் ஓடும் கிடந்த பெட்டியை ஊசி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டியில் இப்போது உயிர் எங்கே இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கருவாடு எடுத்த பிறகும் சட்டியில் வாசம் நிற்கிறதில்லையா சார், அந்த மாதிரி என்று சின்னச்சாமி சார் சொன்னார். ஜலாலின் முகம் வெளுத்துவிட்டது.

பேயாண்டிக்கு இந்தப் பேச்சு எதுவும் மண்டையில் ஏறவில்லை. உமிக்குள் இன்னொரு குஞ்சு மாட்டிக்கொண்டிருக்கிறதோ என்று கையை விட்டுத் துழாவினார். அவர் கையோடு கொழு வந்தது. ஊசி பெட்டியை விட்டுவிட்டுப் பேயாண்டியைப் பார்த்துத் திரும்பியது. அவர் திகைத்துப்போய் மேசைக்கு இந்தப் பக்கம் வந்தார். ஊசியும் கூடவே வந்தது. இவரும் இன்றைக்குப் பொரிக்கப் போகிறாரா என்று இன்ஸ்பெக்டர் தலைமையாசிரியரிடம் கேட்டார்.

கூடமே சிரித்தது. பேயாண்டி சிரிக்கவில்லை. கொழுவைப் புரட்டி, சிதைந்த விளிம்பைத் தடவிப் பார்த்தார். இதற்காகத்தானே அவர் சோணையைப் பஞ்சாயத்தில் நிறுத்தினார்.

“ஏங் கொழு இங்க எப்பிடி வந்துச்சு? எவன் எடுத்தது?”

அழகுமலைக்குப் புரிந்துவிட்டது. மலையம்மாள் பெயர் வெளியே வந்தால் இத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் அவளுக்கு அவமானம். தன் பெயர் வந்தால் பெண் கிடையாது. அவன் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. முன்னால் வந்து, நான்தான் எடுத்தேன் மாமா என்றான். ஜலால் அவனைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வைதான் மாமன் அடிக்க ஓங்கிய கையைவிட வலித்தது.

பேயாண்டி ஓங்கிய கையை இறக்கினார். குஞ்சு பொரித்தது வாஸ்தவம், ஆனாலும் திருடனுக்குப் பெண் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்று, இன்ஸ்பெக்டருக்கும் சேர்த்துச் சொன்னார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

“மச்சான் எடுக்கலை. நான்தான் வச்சேன்.”

சுவரோரத்தில் நின்ற மலையம்மாள் பேசினாள். அத்தனை பேரும் திரும்பினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். ஆனால் குரல் குனியவில்லை.

“இடிக்கு ஒரு ஆணி போதும்னுதான் மொதல்ல எடுத்தேன். நீங்க உசிலம்பட்டின்னு சொன்னீக. அதுக்கு ஆணி பத்தாதுன்னு தோணுச்சு. வீட்டுல இருக்கதுலயே பெரிய இரும்பு அதான்ப்பா.”

கூடத்தில் அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. ஒரு பொம்பளைப் பிள்ளை தன் மனசில் இருப்பதை இதைவிட வெளிச்சமாகச் சொல்ல முடியாது. ராமக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழகுமலை நின்ற இடத்திலேயே மேசையைப் பிடித்துக்கொண்டான். தான் பாட்டுக்கு விஞ்ஞானம் பேசிக்கொண்டு திரிந்த அந்த மூன்று வாரமும் அவள் ஒற்றை ஆளாக இடியோடு மல்லுக்கட்டியிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது.

பேயாண்டி வாசலிலிருந்து திரும்பி வந்தார். கொழுவைப் பார்த்தார், குஞ்சுகளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

“கோழி இல்லாமப் பொரிக்க வச்சது நீ. இடியில காப்பாத்திக் குடுத்தது எம் மக. ரெண்டு பேரும் சேந்து பாத்த வேலை, நான் நடுவுல என்னத்தைச் சொல்ல. குஞ்சைக் கூடையில அள்ளு மாப்ள.”

சின்னச்சாமி சார் மேசையைத் தட்டி, இதுதான் சார் கூட்டுறவு என்று இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னார். அவர் சொன்னதிலேயே அது ஒன்றுதான் சரியாக இருந்தது. இன்ஸ்பெக்டரும் வேறு வழியில்லாமல், எது யாருடைய ஆராய்ச்சி என்று பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு மாணவர்கள் ஒன்றுபட்டு உழைத்திருக்கிறார்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார். அந்த வருஷத்து முதல் பரிசு அவர்களுக்குத்தான்.

ஜலால் மட்டும் பரிசு வாங்க வரவில்லை. அழகுமலை கோரிப்பாளையம் போய் அவன் வீட்டு வாசலில் நின்றான். உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று ஜலால் ஒரே கேள்விதான் கேட்டான். தெரியும் என்றான் இவன். எடுத்ததையும், இடித்ததையும், திரும்ப வைத்ததையும் மறைக்காமல் சொன்னான். ஜலால் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

தை மாதம் கல்யாணம். தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போது அத்தர் வாசம் முன்னால் வர, ஜலால் பின்னால் வந்தான். கையில் அந்த ஊசி, சிம்னியோடு. மலையம்மாளிடம் நீட்டினான்.

“வீட்டுல மாட்டி வையிம்மா. ஒம் புருசன் எதை ஒளிச்சு வச்சாலும் இது காட்டிக் குடுத்துரும்.”

அதிலிருந்து ஊசி அவர்கள் வீட்டு அலமாரியில் தொங்கியது. திருமங்கலம் பக்கம் வேலை கிடைத்து, அவன் அழகுமலை வாத்தியார் ஆகி, பிள்ளைகள் பிறந்து, சண்டை வந்து, சமாதானம் ஆகி, காலம் ஓடியது. மலையம்மாள் அலமாரிக்குக் கீழே கோழியை அடை வைக்கும்போதெல்லாம் இரும்பு போடுவாள். பேயாண்டி அந்தக் கொழுவைச் சீதனத்தோடு சேர்த்தே அனுப்பியிருந்தார். வாத்தியார் ஒவ்வொரு தடவையும், ஊருக்கெல்லாம் விஞ்ஞானம் சொல்கிறவன் வீட்டில் இந்தக் கூத்தா என்று சத்தம் போடுவார். அவள் காதில் வாங்க மாட்டாள். ஊசி கூடையைப் பார்த்துத் திரும்பி நிற்கும்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் ஐப்பசியில் அவர் போட்ட சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. மலையம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தத் தடவை உங்கள் இஷ்டப்படியே ஆகட்டும், நான் எதையும் வைக்கவில்லை, கொழுவை வாசல்படியில் போட்டுவிட்டேன், போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடையை வெறுமனே வைத்தாள். வாத்தியார் ஜெயித்த முகத்தோடு பள்ளிக்கூடம் போனார்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் நல்ல மழை, நல்ல இடி. மலையம்மாள் ஓடையில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கப் போயிருந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஜலால் வழக்கம்போலக் குடும்பத்தோடு வந்திருந்தான். அலமாரியை நிமிர்ந்து பார்த்தவன், வெற்றிலையை வாயில் போடாமல் நிறுத்திவிட்டு மலையம்மாளைக் கூப்பிட்டான். ஊசி, கோழிக்கூடையைப் பார்த்து நின்றது.

அவள் ஊசியைப் பார்த்தாள். வாசல்படியைப் பார்த்தாள். கொழு அங்கே இல்லை.

“நான் வைக்கலையேண்ணே” என்றாள்.

வாத்தியார் அவசரமாக ஒரு புத்தகத்தை எடுத்து விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அது காந்தப் பாடம், தலைகீழாக இருந்தது.